300/190

1945 ஏப்ரல் 12. ஜார்ஜியா மாநிலத்து வார்ம் ஸ்பிரிங்ஸில், ஓவியர் ஒருவர் தன்னை வரைவதற்காக உட்கார்ந்திருந்தார் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட். திடீரென்று பின்மண்டையில் கடும் வலி; நினைவு தப்பியது. இதய மருத்துவர் ஹோவர்ட் புரூன் அளந்தபோது ரத்த அழுத்தம் 300/190. மூளையில் ரத்தக்கசிவு. அன்றே உயிர் போயிற்று, வயது 63.

சொல்லாமல் வந்த நோயல்ல இது. ஓராண்டுக்கு முன்பே புரூன் பார்த்திருந்தார்: 186/108, பெருத்துப்போன இதயம். டிஜிட்டாலிஸ் என்ற இதய மருந்து கொடுத்தார், உப்பைக் குறைத்தார், ஓய்வெடுக்கச் சொன்னார். அழுத்தத்தை இறக்க உருப்படியான மாத்திரை அப்போது கிடையாது. அதிபரின் தலைமை மருத்துவரோ (அவர் காது மூக்கு தொண்டை நிபுணர்!) எல்லாம் நலமே என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். வயதானால் அழுத்தம் ஏறத்தான் செய்யும், குறுகிய குழாயில் ரத்தத்தைத் தள்ள அது தேவையும்கூட என்று மருத்துவர்கள் பலர் நம்பிய காலம் அது.

1948இல், ரூஸ்வெல்ட்டுக்கு அடுத்து அதிபரான ட்ரூமன் தேசிய இதயச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன் வழியே மாசசூசெட்ஸின் ஃபிரேமிங்ஹாமில் 5,209 பேரை வைத்து இதயநோய் ஆய்வு தொடங்கியது. நன்றாக நடமாடும் ஆட்களை 2 ஆண்டுக்கு ஒருமுறை கூப்பிட்டுச் சோதித்துவிட்டு, யாருக்கு மாரடைப்பு, யாருக்குப் பக்கவாதம் என்று பொறுமையாகக் காத்திருந்தார்கள் ஆய்வாளர்கள். உயர் ரத்த அழுத்தம் இதயநோய்க்கு வழி திறக்கிறது என்று 1961இல் அவர்களின் கட்டுரை எண்களோடு காட்டியது.

1971இல் ஆய்வில் கலந்துகொண்டவர்களின் பிள்ளைகளும் கையை நீட்ட வந்து சேர்ந்தார்கள்.