வராகன் கேட்ட துணி

கம்பெனிகளின் காலத்தைத் துணியின் கதையாகவும் மிளகின் கதையாகவுமே நாம் படித்து வந்திருக்கிறோம். அந்தத் துணிக்கு எந்த நாணயத்தில் விலை கொடுத்தார்கள் என்று கேட்பவர் குறைவு. ஐரோப்பிய வெள்ளி இந்தியாவில் வந்து குவிந்தது என்ற ஒற்றை வரியோடு கடந்துவிடுகிறோம். சோழமண்டலக் கரைக்கு அந்த வரி பாதியளவே பொருந்தும்.

1602இல் தோன்றிய டச்சுக் கம்பெனி கிராம்பையும் சாதிக்காயையும் நாடி மலுக்குத் தீவுகளுக்குச் சென்றது. தீவினர் விரும்பியதோ சோழமண்டலத் துணியை. 1612இல் ஹென்ட்ரிக் பிரௌவர் என்ற கம்பெனி அதிகாரி இக்கரையை மலுக்குவின் இடக்கை என்று வர்ணித்தது இதனால்தான். அடுத்த ஆண்டில் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டை எழுந்தது.

துணி வாங்குவதில் ஒரு சிக்கல் இருந்தது. சூரத்திலும் வங்காளத்திலும் செல்லுபடியானது வெள்ளி ரூபாய். தெற்கே ஆட்சி செய்தது வராகன் என்னும் பொற்காசு. அதற்குக் கீழே பணம். (சிறு பொற்காசு ஒன்றின் பெயர்தான் இன்று நமக்குச் செல்வம் முழுமைக்குமான பெயராக நிற்கிறது.) ஸ்பானிய வெள்ளி ரியாலைக் கப்பலேற்றி வந்தால், அதை வராகனாக மாற்றச் சராபுக்கு வட்டம் கொடுத்தாக வேண்டும். ஆகவே எந்த உலோகத்தை எங்கே வாங்கி இங்கே கொண்டுவந்தால் வராகன் மலிவாகக் கிடைக்கும் என்பதே கம்பெனிக் கணக்கர்களின் ஓயாத கேள்வியாயிற்று.

விடை கிழக்கே கிடைத்தது. 1600ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஸ்பெயினில் ஒரு பங்கு பொன்னுக்கு 12 முதல் 14 பங்கு வெள்ளி கொடுக்க வேண்டும். சீனத்தில் 6 முதல் 8 பங்கு போதும். இந்த இடைவெளி பின்னர் சுருங்கினாலும் லாபம் அடியோடு மறைந்துவிடவில்லை. கம்பெனி ஜப்பானில் பட்டும் மான்தோலும் விற்று வெள்ளி பெற்றது. தைவானில் அவ்வெள்ளிக்குச் சீனப் பொன் வாங்கியது. பொன்னைச் சோழமண்டலத்துக்கு அனுப்பியது. துணி வாங்க ஹாலந்திலிருந்து வர வேண்டிய வெள்ளியின் அளவு குறைந்தது. பீரங்கிகளைவிட இந்த முக்கோணமே கம்பெனியின் பெரிய பலம் என்று நமக்குத் தோன்றுகிறது. இதனால் மிஞ்சிய லாபத்தில் நெசவாளிக்குப் பங்கில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர் கைக்கு வந்தது துணி வணிகர் வழியாக வந்த முன்பணம் மட்டுமே.

1662இல் தைவான் கைவிட்டுப் போயிற்று. ஆயினும் 1664இல் ஜப்பான் பொன் ஏற்றுமதிக்கு இசைவு தந்தது. 1668இல் வெள்ளி ஏற்றுமதியைத் தடுத்தது. அதன்பின் கோபன் எனப்படும் நீள்வட்டப் பொற்காசுகள் நாகசாகியிலிருந்து நேரே இக்கரை நோக்கி வந்தன. இங்கே உருகி வராகனாயின.

தமிழில் பொன்னின் தரத்துக்கும் மாற்று என்று பெயர்; ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைப் பெறுவதும் மாற்றுதான். 1695இல் இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதின. கருவூலம் வறண்ட ஜப்பானிய அரசு கோபனைப் புதிதாக அச்சிட்டது. எடை பழைய எடையே, ஏறத்தாழ 18 கிராம். பொன்னோ நூற்றுக்கு 84 பங்கிலிருந்து 57 பங்காக இறங்கியது. நாகசாகியில் கம்பெனி கொடுக்க வேண்டிய விலை மட்டும் இறங்கவில்லை. உரைகல்லுக்கு ஜப்பானிய அரசின் ஆணை தெரியாது; இக்கரையில் எடைக்கும் மாற்றுக்கும் உரியதுதான் மதிப்பு. ஆகவே நெடுங்காலம் லாபம் தந்த காசு நட்டம் தரலாயிற்று. கம்பெனியின் சோழமண்டலத் தலைமையிடம் 1690இலேயே நாகப்பட்டினத்துக்கு மாறியிருந்தது. அங்கிருந்தவர்களே இந்தப் புதுக் கோபனை எதிர்கொள்ள நேர்ந்தது.

1710இல் ஜப்பான் மாற்றைப் பழைய நிலைக்கு உயர்த்தியது; எடையை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது! கம்பெனி ஜப்பானில் செம்பையே பெரிதும் நாடியது. ஆசிய வாணிகத்துக்காக ஹாலந்திலிருந்து கப்பலேறிய வெள்ளியும் பொன்னும் அந்நூற்றாண்டில் முந்தைய நூற்றாண்டைவிட மிகுதியாயின.