30 வருஷ பழைய கம்ப்யூட்டர்... சூட்டைச் சமாளிப்பது எப்படி? அமிகா 1200 வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு!

செல்போனில் தொடர்ந்து கேம் ஆடினால் போன் சூடாகும், கொஞ்ச நேரத்தில் வேகமும் தானாகக் குறையும். சிப் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளும் ஏற்பாடு அது. ஆனால் 1990-களின் ஹோம் கம்ப்யூட்டர்களில் இந்த வசதி கிடையாது. எவ்வளவு சூடு ஏறினாலும் பிராசஸர் அதே வேகத்தில்தான் ஓடும், ஹேங் ஆகும் வரை!

இதற்கு நல்ல உதாரணம் கமடோர் நிறுவனத்தின் அமிகா 1200. 1992-ல் வெளியான இந்தக் கம்ப்யூட்டருக்கு ஐரோப்பாவில் இன்றும் ரசிகர்கள் இருக்கிறார்கள். ஆக்சிலரேட்டர் கார்டு போட்டு அதன் வேகத்தைக் கூட்டுகிறார்கள். சூடு பிரச்னை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அமிகா 1200-ல் என்ன சிக்கல்?

இதில் முதலில் இருந்தது சுமார் 14 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் மோட்டோரோலா 68இசி020 பிராசஸர். அது பெரிதாகச் சூடாகாது. அதனால் உள்ளே மின்விசிறியே வைக்கவில்லை.

ஆக்சிலரேட்டர் கார்டு என்பது வேகமான பிராசஸரும் கூடுதல் மெமரியும் கொண்ட தனி போர்டு. கம்ப்யூட்டரின் அடிப்பக்க மூடியைத் திறந்து, கீபோர்டுக்குக் கீழே இருக்கும் குறுகலான இடத்தில் இதைச் செருகுவார்கள். 50 மெகாஹெர்ட்ஸ் 68030, அதற்கடுத்து 68040, 68060 என வேகம் கூடிக்கொண்டே போகும். ஆனால் காற்று போக வழி அதே பழைய வழிதான்.

040 அதிகமா சூடாகுது, 060 குறைவா சூடாகுது... ஏன்?

68040-ல் சுமார் 12 லட்சம் டிரான்சிஸ்டர்கள். 1994-ல் வந்த 68060-ல் சுமார் 25 லட்சம். அப்படியென்றால் 060 தானே அதிகம் சூடாக வேண்டும்? நடப்பது நேர்மாறு. முக்கியக் காரணம் வோல்டேஜ்.

சிப் செலவழிக்கும் மின்சாரம் வேகத்துக்கு ஏற்ப நேராகக் கூடும். வோல்டேஜ் விஷயத்தில் அதன் இருமடிக்கு ஏற்ப கூடும். 040 ஓடுவது 5 வோல்ட்டில், 060 ஓடுவது 3.3 வோல்ட்டில். 5-ன் இருமடி 25, 3.3-ன் இருமடி சுமார் 11. அதாவது மற்ற எல்லாம் சமமாக இருந்தால், வோல்டேஜைக் குறைத்ததாலேயே சூடு பாதிக்கும் கீழே வந்துவிடும்.

இதில் ஒரு எச்சரிக்கை: 060-க்கு நேரடியாக 5 வோல்ட் கொடுக்கக் கூடாது. 040 சாக்கெட்டில் போடுவதென்றால் வோல்டேஜைக் குறைக்கும் அடாப்டர் கட்டாயம்.

பிராசஸர் மட்டும்தான் சூடாகுமா?

இல்லை. 5 வோல்ட்டை 3.3 ஆக்கும் ரெகுலேட்டரும் சூடாகும். அது பழைய லீனியர் வகை என்றால், உள்ளே வரும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு வெறும் சூடாகவே வீணாகிறது. பிராசஸர் மேல் விசிறி வைத்துவிட்டு, ரெகுலேட்டரை மறந்துவிடுபவர்கள் அதிகம்.

அடுத்தது மின்தேக்கிகள், அதாவது கெபாசிட்டர்கள். அமிகா 1200 போர்டில் இவை வயதாகிக் கசிவது தெரிந்த பிரச்னை. எலெக்ட்ரோலிட்டிக் வகைக்குப் பொதுக் கணக்கு ஒன்று உண்டு: சுற்றியுள்ள சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

சூட்டை எப்படி வெளியேற்றுவது?

மூன்று கட்டம். ஒன்று அடைபட்டாலும் மற்ற இரண்டால் பெரிய பயன் இல்லை.

1. சிப்பிலிருந்து ஹீட் சிங்குக்கு: நடுவில் தெர்மல் பேஸ்ட் மெல்லிய படலமாக இருந்தால் போதும். காய்ந்துபோன பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். நிரந்தரமாக ஒட்டும் பசை வேண்டாம், பிறகு கழற்றும்போது சிப்பே உடையலாம்.

2. ஹீட் சிங்கிலிருந்து காற்றுக்கு: சின்ன விசிறி போதும். 12 வோல்ட் விசிறியை 5 வோல்ட்டில் ஓட்டினால் சத்தம் குறையும். ஆனால் சில விசிறிகள் 5 வோல்ட்டில் சுற்றவே ஆரம்பிக்காது, மூடுவதற்கு முன் சோதித்துப் பாருங்கள்.

3. பெட்டியிலிருந்து வெளியே: பலரும் விடுவது இதைத்தான். வெளியேற வழியில்லாவிட்டால் விசிறி அதே சூடான காற்றையே சுழற்றும். அடிப்பக்க மூடியைக் கழற்றி, கம்ப்யூட்டரைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தாலே வித்தியாசம் தெரியும். மெத்தை, துணி மேல் வைக்கவே வேண்டாம்.

ஹேங் ஆவது சூட்டாலதானா? எப்படித் தெரிஞ்சுக்கிறது?

ஆன் செய்து 20, 30 நிமிடம் கழித்து ஹேங் ஆகி, ஆறிய பிறகு மீண்டும் நன்றாக ஓடினால் சூட்டின் மேல் சந்தேகப்படலாம். ஆன் செய்த உடனே ஹேங் ஆனால் பவர் சப்ளை, கெபாசிட்டர், கார்டின் கனெக்டர் ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

அளப்பதற்கு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். பளபளப்பான அலுமினிய ஹீட் சிங்கில் அது உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். ஒயர் முனையுள்ள தெர்மோகப்பிள் மேல். 68060-க்குள்ளேயே சூட்டை அறியும் ஒரு ரெசிஸ்டர் உண்டு. அதைப் படிக்கும் வசதி உங்கள் கார்டில் இருந்தால் இன்னும் நல்லது.

ஓவர்கிளாக் செய்யலாமா?

50 மெகாஹெர்ட்ஸ் சிப்பை 66-ல் ஓட்டினால் வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடும், சூடும் ஏறக்குறைய அதே அளவு கூடும். பிற்காலத்தில் தயாரான 060 சிப்கள் அதிக வேகத்தைத் தாங்குகின்றன என்பது உண்மை. ஆனால் பழைய சிப்பின் மேல் புது எண்ணை அச்சடித்து விற்பதும் நடக்கிறது. மேலே எழுதியிருப்பதை மட்டும் நம்பி வேகத்தைக் கூட்டுவது ஆபத்து.

ராஸ்பெர்ரி பையைப் பிராசஸராகப் பயன்படுத்தும் பைஸ்டார்ம் போன்ற புதிய கார்டுகளும் இருக்கின்றன. ராஸ்பெர்ரி பை 4 என்றால் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் காற்று வழி தேவைதான், ஆனால் கவனக்குறைவை ஓரளவு பொறுத்துக்கொள்ளும்.

68060 பொறுத்துக்கொள்ளாது. அது இப்போது உற்பத்தியிலும் இல்லை. போனால், இன்னொருவரின் பழைய கம்ப்யூட்டரிலிருந்து வந்த சிப்பைத் தேடித்தான் வாங்க வேண்டும். வேகத்தைக் கூட்டும் முன் காற்று வெளியேற வழி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.