கல்லூரி மன்றமும் வாக்குச்சீட்டும்

1931ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், டொனமூர் அரசியல் திட்டத்தின்கீழ் அமைந்த அரசாங்க சபைக்கு நியமனப் பத்திரங்கள் ஏற்கப்பட்டன. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை என்னும் நான்கு தொகுதிகளிலும் அன்று ஒருவரேனும் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. வயதுவந்த ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை கிட்டிய முதல் தேர்தல் அதுவாகும். அத் தேர்தலையே புறக்கணிக்கும்படி செய்த இயக்கம், ஏழாண்டுகளுக்கு முன்னர் மாணவர் காங்கிரஸ் என்ற பெயருடன் தோன்றியது என்பது ஊன்றி நோக்கற்பாலது. செல்வமோ பதவியோ அற்ற இளைஞர் குழுவொன்று, ஊர்ப் பெரியோரின் தேர்தல் ஆசையை அடக்கிவிடுமளவுக்குப் பேசவும் கூட்டம் கூட்டவும் தீர்மானம் நிறைவேற்றவும் எங்கே பயின்றது? இவ்வினாவுக்கு விடை காண முயல்வோர் கல்லூரிகளின் மாணவர் மன்றங்களையே முதலில் நாடவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் இம்மன்றங்களுக்கு மிசனரிமாரின் கல்வி முயற்சியே வித்தாயிற்று. காங்கேசன்துறைக்கு அணித்தாயுள்ள தெல்லிப்பழையில் 1816இல் அமெரிக்க மிசன் தொடங்கிய பள்ளிக்கூடமே பின்னாளில் யூனியன் கல்லூரியாக வளர்ந்தது. வட்டுக்கோட்டைச் செமினரி 1823இல் நிறுவப்பெற்று 1855இல் மூடப்பட்டது. அதன் வழித்தோன்றலாக யாழ்ப்பாணக் கல்லூரி 1872இல் எழுந்தது. அக்கல்லூரியில் 1884இல் அமைக்கப்பட்ட வாலிபர் கிறித்தவ சங்கம் ஆசியாவின் மிகப் பழைய மாணவர் சங்கங்களுள் ஒன்றாகும். சமயத் தொண்டே அதன் நோக்கம். ஆயினும் காரியதரிசியைத் தெரிவதும், கணக்கு வைப்பதும், முந்திய கூட்டத்தின் அறிக்கையை வாசித்து ஏற்பதும் அதன்வழி மாணவருக்குக் கைவந்தன. சைவர் தமக்கென நிறுவிய கல்லூரிகளும் இம்முறையைத் தயங்காது ஏற்றன. சமயத்தில் மாறுபட்டோர் கூட்ட ஒழுங்கில் ஒன்றுபட்டனர் எனலாம். தெல்லிப்பழையில் 1910இல் பாவலர் துரையப்பாபிள்ளை நிறுவிய மகாசனக் கல்லூரியும், காங்கேசன்துறையில் வளர்ந்த நடேசுவராக் கல்லூரியும் இச்சூழலில் உருப்பெற்றவையே.

மன்றத்தின் அமைப்பு எங்கும் ஏறத்தாழ ஒன்றே. அதிபர் போஷகர், ஆசிரியர் ஒருவர் பொறுப்பாளர், தலைவர், காரியதரிசி, தனாதிகாரி, பத்திராதிபர் ஆகியோர் மாணவர். பத்திராதிபர் கையெழுத்துச் சஞ்சிகையைத் தொகுத்துச் சபையில் வாசிப்பார். ஒருவர் பிரேரிக்க மற்றொருவர் ஆமோதிப்பார். விவாத முடிவில் கைகள் எண்ணப்படும். இவை சிறுபிள்ளை விளையாட்டுப் போலத் தோன்றலாம். ஆனால் 1931க்கு முன்னர் இலங்கை மக்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு நால்வரே வாக்குரிமை பெற்றிருந்தனர் என்பதை மறத்தல் ஆகாது. கல்லூரி மன்றத்தில் காரியதரிசியைத் தெரிவதற்குக் கையுயர்த்திய மாணவர் பலரின் தந்தையர்க்கு நாட்டின் சட்டசபைக்கு ஒருவரைத் தெரியும் உரிமை இருக்கவில்லை. தாயர்க்கோ அறவே இல்லை. தேர்தல் என்பதைத் தந்தைக்கு முன்னரே மகன் அறிந்துகொண்டான்.

எனினும் மன்றத்துக்கு அப்பால் மாணவராட்சி செல்லவில்லை. ஆங்கிலப் பொதுப் பள்ளிகளைப் பின்பற்றி வந்த இல்ல முறையும் மாணவ தலைவர் முறையும் வேறொரு நெறியில் இயங்கின. ஒழுங்கைக் காக்கும் மாணவ தலைவரைப் பெரும்பாலும் அதிபரே நியமித்தார். பேசும் உரிமை தெரிவினால் வந்தது. ஆளும் அதிகாரம் நியமனத்தால் வந்தது. ஆளுநர் நியமித்த உத்தியோகத்தரும் மக்கள் தெரிந்த உறுப்பினரும் ஒருங்கிருந்த அக்காலச் சட்டசபையின் சிறு வடிவம் ஒவ்வொரு கல்லூரியிலும் இருந்தது என்பது மிகையன்று.

இப்பயிற்சியைக் கல்லூரி மதிலுக்கு வெளியே கொணர்ந்தவர் ஹன்டி பேரின்பநாயகம். யாழ்ப்பாணக் கல்லூரி ஆசிரியரான அவரும் தோழரும் 1924இல் மாணவர் காங்கிரசைத் தோற்றுவித்தனர். அதன் தலைவர்களுட் பலர் இளம் ஆசிரியர்களாதலின் 'மாணவர்' என்ற பெயர் சற்றே தாராளமானது. பின்னர் அது வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் மாறியதும் பொருத்தமே. ஆனால் அதன் நடைமுறை முழுவதும் கல்லூரி மன்றத்தின் நடைமுறையே: ஆண்டு மாநாடு, தலைமையுரை, பிரேரணை, விவாதம், வாக்கெடுப்பு. தேசிய ஒற்றுமை, தாய்மொழிக் கல்வி, சாதி ஒழிப்பு என்பன அதன் கொள்கைகள். 1927 நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தது அதன் அழைப்பின் பேரிலேயாம். 1931 ஏப்பிரலில் கமலாதேவி சட்டோபாத்தியாயா தலைமையில் கூடிய மாநாடு, டொனமூர்த் திட்டம் பூரண சுயராச்சியம் தரவில்லையெனக் கண்டித்துப் பகிஷ்காரத்துக்கு வழிவகுத்தது.

பகிஷ்காரத்தைத் தியாகமெனப் போற்றுவோரும் தவறெனத் தூற்றுவோரும் இன்றும் உளர். கொள்கைத் தூய்மையில் ஐயமில்லை. தென்னிலங்கையும் பின்தொடரும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. மூன்றாண்டுகள் நான்கு ஆசனங்களும் வெறிதே கிடந்தன. ஆனால் பெரிதும் எண்ணத்தக்க இழப்பு வேறு. அதே ஆண்டுகளில் உதவிபெறும் பள்ளிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் அளிக்கவேண்டுமென்ற உத்தரவு யாழ்ப்பாணத்தில் கடும் எதிர்ப்பைக் கிளப்பியது, பள்ளிக்கூடங்கள் தீக்கிரையாயின. காங்கிரஸ் சம ஆசனத்தின் பக்கமே நின்றது. அது அதற்குரிய பெருமை. ஆயினும் வகுப்பில் வாங்கில் இடம் மறுக்கப்பட்டோருக்கு, வரலாற்றில் முதன்முறை கிடைத்த வாக்குச்சீட்டு 1931இல் பயனற்றுப் போனது அவ்வியக்கத்தின் தீர்மானத்தினாலேயே. பெண்களுக்கும் அவ்வாறே. கல்லூரி மன்றம் சபையிலிருப்போரின் கைகளை எண்ணக் கற்பித்தது. சபைக்குள் வர வாய்ப்பற்றோரை எண்ண அது கற்பிக்கவில்லை; கட்டணம் செலுத்தி ஆங்கிலம் கற்றோரின் சபை அது. இலவசக் கல்வி 1945இலேதான் வந்தது.

1934இல் நடந்த இடைத்தேர்தலில் காங்கேசன்துறை ஆசனத்தைப் பெற்றவர் சு. நடேசபிள்ளை; அவர் பரமேசுவராக் கல்லூரியின் அதிபராகப் பணியாற்றியவர். மாணவர் பெயரால் வெற்றாக்கப்பட்ட ஆசனத்தில் அதிபர் ஒருவர் அமர்ந்தார்! அக்கல்லூரி வளவிலேயே 1974இல் யாழ்ப்பாண வளாகம் தோன்றியது.

சுதந்திரத்துக்குப் பின்னர் மன்றங்கள் பெருகின. தமிழ் விவாதம் ஆங்கில விவாதத்தின் இடத்தைப் பெற்றது. உயர்தர வகுப்பு மாணவர் ஒன்றியத்தின் வருடாந்த இராப்போசன விருந்து கல்லூரி வாழ்வின் சிகரமாகக் கருதப்பட்டது. அயற் கல்லூரிகளின் பிரதிநிதிகள் அழைக்கப்பட்டனர். கல்லூரிக்கும் நாட்டுக்கும் விருந்தினருக்கும் வாழ்த்துரை கூறப்பட்டது. ஆனால் 1970க்குப் பின் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் புகுந்தபோது இவ்வரங்குகள் போதவில்லை. 1971 அனுமதியில் மருத்துவத்துக்குத் தமிழ் மொழி மாணவர் 250 புள்ளியும் சிங்கள மொழி மாணவர் 229 புள்ளியும் பெறவேண்டியிருந்தது. மாணவரின் தலையெழுத்தையே தொட்ட அச்சிக்கலுக்குப் போஷகர் முன்னிலையில் பேசும் மன்றத்தில் விடையில்லை. 1970இல் தோன்றிய தமிழ் மாணவர் பேரவை கல்லூரிக்கு வெளியே, எவ்வதிபரின் இசைவையும் நாடாது எழுந்தது.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபோது காங்கேசன்துறையும் அயலூர்களும் வெறிச்சோடின. அவை பின்னர் உயர் பாதுகாப்பு வலயமாயின. நடேசுவராக் கல்லூரி இடம்பெயர்ந்து இயங்கியது. அதன் பழைய வளவு மீளக் கையளிக்கப்பட்டது 2016 மார்ச்சிலாகும். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகத் தம் கல்லூரி மண்டபத்தையே காணாத மாணவ தலைமுறைகள் அக்கல்லூரியின் பெயரால் கற்று வெளியேறின.

இன்று இலங்கைப் பாடசாலைகளில் மாணவர் பாராளுமன்றம் நடைபெறுகின்றது. வகுப்புகள்தோறும் உறுப்பினர் தெரியப்படுகின்றனர். சபாநாயகரும் பிரதமரும் அமைச்சர்களும் உளர். கைகளை எண்ணிய இடத்தில் வாக்குச்சீட்டு வந்துவிட்டது. ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் அதனை ஒருங்கே இடுகின்றனர். மாணவ தலைவரை மட்டும் பெரும்பாலும் இன்னும் அதிபரும் ஆசிரியருமே தெரிகின்றனர்.