.375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம்

பெருவிலங்கு வேட்டைக்காக லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் 1912-இல் வெளியிட்ட ரைஃபிள் தோட்டா. குண்டின் விட்டம் 0.375 அங்குலம் (சுமார் 9.5 மி.மீ.).

ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போன பணக்கார பிரிட்டிஷ்காரர் அன்று யானைக்கு ஒரு கனத்த இரட்டைக்குழல் துப்பாக்கி, மானுக்கு வேறொன்று என்று சுமந்து சென்றார். சுமந்தவர்கள் கூலியாட்கள் என்பது வேறு விஷயம். இரண்டு வேலைக்கும் ஒரே துப்பாக்கி போதும் என்ற நிலையை இத்தோட்டா உண்டாக்கியது. 235, 270, 300 கிரெய்ன் என மூன்று எடைகளில் குண்டுகள் வந்தன. திறந்த வெளியில் தூரத்து மானுக்கு இலகுவான குண்டு. எருமைக்கும் யானைக்கும் வினாடிக்குச் சுமார் 2,500 அடி வேகத்தில் புறப்படும் 300 கிரெய்ன் குண்டு. எடை மாறினாலும் பல துப்பாக்கிகளில் குறி பெரிதாக விலகுவதில்லை என்பதே வேட்டைக்காரர்கள் இதை மெச்சியதற்கு முக்கியக் காரணம்.

இதன் உறை நீண்டு, நுனி நோக்கிக் கூம்பிச் செல்லும். அதற்குக் காரணம் கார்டைட். வெயிலில் சூடேறினால் அந்த வெடிமருந்தின் அழுத்தம் கூடும்; உறை துப்பாக்கியின் தோட்டா அறைச் சுவரோடு இறுகிவிட்டால், பாய்ந்து வரும் எருமையின் முன் அடுத்த தோட்டாவை ஏற்ற முடியாது. கூம்பிய உறையோ எளிதில் கழன்றுவிடும். ஆனால் அதன் தோள், அதாவது உறை கழுத்தாகக் குறுகும் இடம், மிகச் சரிவானது. தோட்டா அறைக்குள் எவ்வளவு தூரம் போய் நிற்க வேண்டும் என்பதை அந்தத் தோளால் உறுதியாகத் தீர்மானிக்க இயலாது. அதனால்தான் அடிப்பகுதியைச் சுற்றி ஒரு பட்டை வைத்தார்கள். பின்னாளில் .300 வின்செஸ்டர் மேக்னம் (1963) போன்ற, தோள் தெளிவாக அமைந்த தோட்டாக்களிலும் அப்பட்டை தொடர்ந்தது. அவற்றில் அது பெரும்பாலும் விற்பனைக்கான அலங்காரமே.

1937-இல் அறிமுகமான வின்செஸ்டர் மாடல் 70 ரைஃபிள், லண்டன் கைவினைத் துப்பாக்கியின் விலை கொடுக்க முடியாதவர்களுக்கும் இத்தோட்டாவை எட்டச் செய்தது. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் ஆபத்தான விலங்குகளை வேட்டையாட .375 தான் சட்டப்படி குறைந்தபட்ச அளவு. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு இதற்குப் பெரும்பாலும் வேலை இல்லாமல் போயிற்று.

குறைகளும் உண்டு. பின்னுதைப்பு கடுமை, தோட்டா நீளமானதால் பெரிய இயங்குபொறி தேவை. 2007-இல் வந்த .375 ரூகர் தோட்டா, பட்டையில்லாத குட்டையான உறையில் அதே குண்டைச் சற்றுக் கூடுதல் வேகத்தில் செலுத்துகிறது. கணக்குப்படி அதுவே மேல். ஆயினும் பழைய தோட்டாவை அது இன்னும் இடம்பெயர்க்கவில்லை.