எவடம் என்று கேட்கும் வரவேற்பு

லாச்சப்பலில் புதிதாக வந்திறங்கும் தமிழரிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி: "ஊரில எவடம்?" இந்தக் கேள்விக்கு இரண்டு வேலைகள் உண்டு. சொந்தம், பள்ளிக்கூடச் சிநேகிதம், அயலட்டை என்று எதையாவது பிடித்து வந்தவருக்கு ஒரு படுக்கை கிடைக்கச் செய்வது ஒன்று. ஊரைத் தொட்டு, குறிச்சியைத் தொட்டு, கடைசியில் சாதியைத் தொடுவது மற்றது. எமது புலம்பெயர்வு பற்றி எழுதப்படும் போதெல்லாம் வெள்ளைக்காரன் எம்மை எப்படி ஏற்றான், எப்படித் துரத்தினான் என்பதே எழுதப்படுகிறது. முன்னால் வந்த நாம் பின்னால் வந்தவரை எப்படி ஏற்றோம் என்பது அந்த வரலாற்றின் மறுபாதி. அது பெரும்பாலும் எழுதப்படாமலே கிடக்கிறது.

பெருந்தொகையான வெளியேற்றம் அகதி விண்ணப்பத்துக்கு முன்பே படிப்பின் பெயரால் தொடங்கியது. 1971இல் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தது. பேராதனையில் பொறியியல் படிக்கச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 புள்ளிகள் போதும். தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 வேண்டும். காணியை ஈடு வைக்கக்கூடிய வீடுகள் பிள்ளைகளை லண்டனுக்கு அனுப்பின. பகலில் படிப்பு, இரவில் பெற்றோல் செற்றில் வேலை. 1980இல் தச்சர் அரசு வெளிநாட்டு மாணவர் படிப்பின் முழுச் செலவையும் கட்டவேண்டும் என்றது. 1983 யூலைக்குப் பின் ஆட்கள் பெருக, 1985இல் இலங்கையருக்கு விசா கட்டாயமானது. பொதுநலவாய நாடொன்றுக்குப் பிரித்தானியா அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை.

இலண்டன் கதவு ஒடுங்கிய அந்நாட்களில் கிழக்கு பேர்லின் வழி திறந்திருந்தது. ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி றெயிலேறினால் மேற்கு பேர்லின். அந்தக் கோட்டை எல்லை என்று மேற்குப் பக்கத்தார் ஒப்புக்கொள்ளாததால் அங்கே கடவுச்சீட்டுப் பார்ப்பார் இல்லை. இரண்டு அரசுகளின் பிணக்கில் கிடைத்த அந்த இடைவெளியால் எம்மவர் ஆயிரக்கணக்கில் நுழைந்தனர். 1985, 86இல் அதுவும் அடைபட்டது. உள்ளே போனவர்களுக்குக் கிடைத்தது 'கைம்' எனப்படும் அகதி விடுதி, மாவட்டத்தை விட்டு வெளியேறத் தடை, வேலைக்குத் தடை.

ஜேர்மனியிலிருந்து கப்பலேறிய 155 பேர் 1986 ஓகஸ்ட் 11ஆம் திகதி கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்தனர். அவர்களைத் தூக்கிக் கரைசேர்த்தவர்கள் மீனவர்கள். எவடம் என்று கேட்க அவர்களுக்குத் தமிழும் தெரியாது, தேவையும் இருக்கவில்லை. அந்த 155 பேருக்கும் கனடா தங்கும் அனுமதி கொடுத்தது. அதே கனடாவுக்கு 2010இல் 'சன் சீ' கப்பலில் 492 பேர் வந்தபோது பலரை மாதக்கணக்கில் தடுப்பில் வைத்தது. ஒரு நாட்டின் வரவேற்பு என்பது அந்த நாட்டின் குணம் அல்ல. அந்தந்தக் காலத்தின் கணக்கு.

பாரிசுக்கு வருவோம். கலேக்குப் போகும் றெயில்கள் புறப்படும் கார் து நோர், லாச்சப்பலுக்குப் பக்கத்தில்தான். லண்டனுக்குப் போக வந்து, போக முடியாமல் நின்றுவிட்டவர்கள் அந்த வட்டாரத்தில் தேங்கினார்கள். இங்கே எமக்கு முன்னால் பாண்டிச்சேரித் தமிழர் இருந்தனர். 1962 ஓகஸ்டில் பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவுக்குக் கைமாறியபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்கள். பட்டாளத்திலும் அரச உத்தியோகத்திலும் இருந்தவர்கள். எமது முதலாவது மொழிபெயர்ப்பாளர்களில் பலர் அவர்களே. பிரெஞ்சில் ஒரு வசனம் எழுதத் தெரியாத எமக்கு ஒவ்ப்ராவின் படிவத்தை நிரப்பித் தந்தவர்கள் அவர்கள். எமது தமிழைக் கேட்டுச் சிரித்தவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள். உதவியும் எட்ட நிற்பதும் ஒரே கையால் நடந்தன. இந்தப் பாடத்தை நாம் நன்றாகவே படித்துக்கொண்டோம்.

எமது வரவேற்பு மண்டபம் அறைதான். ஓர் அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர். இரவு வேலைக்காரன் எழும்பிய படுக்கையில் பகல் வேலைக்காரன் படுப்பான். வேலை கிடைக்கும் வரை புதியவரிடம் அறைக்காசு கேளாத அறைகள் இருந்தன. முதல் சம்பளத்திலேயே வட்டியோடு வாங்கிய அறைகளும் இருந்தன. ஏஜென்சிக் கடனை அடைக்கச் சீட்டில் முதல் கழிவை விட்டுக்கொடுத்தவர்கள் உண்டு. இவற்றுக்குக் கல்வெட்டு இல்லை, இவையும் வரலாறுதான்.

1991 செப்ரெம்பரில் ஒரு சுற்றறிக்கை வந்தது. அதுவரை அகதி விண்ணப்பம் கொடுத்தவர் வேலை செய்யலாம். அதன் பின் முடியாது. அரசுக்கு அது ஒரு தாள். எமது குசினிகளில் அது ஓர் ஆட்சிமாற்றம். சட்டப்படி வேலை செய்ய முடியாதவன் கோப்பை கழுவும் பிளோஞ்சுக்குள் மறைந்தான். இன்னொருவரின் காட்டில் வேலை, அதற்குக் காட்டுக்காரருக்கு ஒரு பங்கு. "நான்தானே உன்னைச் சேர்த்துவிட்டனான்" என்ற ஒரு வசனத்தில் மேலதிக மணித்தியாலங்களெல்லாம் கரைந்தன. நானும் இந்த வசனத்தைக் கேட்டவன்தான். சேர்த்துவிட்டது உதவி. அதைச் சொல்லிச் சம்பளத்தை வெட்டியது சுரண்டல். இரண்டையும் ஒரே ஆள் செய்தார் என்பதால் அதை உதவி என்று மட்டுமே சொல்லிப் பழகிவிட்டோம். இப்போது ஆறு மாதம் கடந்தால் வேலை அனுமதி கேட்கலாம் என்று 2018ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கேட்டவருக்கெல்லாம் கிடைப்பதில்லை.

இனி 'கேஸ்' எழுதும் தொழில். விண்ணப்பதாரி தன் கதையை 21 நாட்களுக்குள் பிரெஞ்சில் கொடுக்கவேண்டும். அந்த 21 நாட்களில் எமக்குள் ஒரு சந்தையே முளைத்தது. பொறுமையாக இருந்து கேட்டு, அழுதால் நிறுத்தி, உண்மையை எழுதித் தந்தவர்கள் இருந்தார்கள். ஒரே சித்திரவதையைப் பத்துப் பேருக்கு விற்றவர்களும் இருந்தார்கள். வாங்கியவன் விசாரணையில் தன் சொந்த உடம்பின் காயத்தை விட்டுவிட்டு அடுத்தவனின் காயத்தைப் பாடமாக்கிச் சொன்னான். நிராகரிக்கப்பட்டான்.

'எவடம்' என்ற கேள்விக்குத் திரும்புகிறேன். ஊர்ச் சங்கமும் பழைய மாணவர் சங்கமும் உள்ளவருக்கு அந்தக் கேள்வி கதவைத் திறக்கும். மலையகத்தாருக்கு? குறிச்சியின் பெயரைச் சொன்னதும் எதிரிலிருப்பவரின் முகம் மாறுவதைக் கண்டவருக்கு? அறையில் படுக்கை கிடைக்கும், ஆனால் கல்யாணவீட்டுக்கு அழைப்பு வராது. பிரெஞ்சுப் பொலிஸ் எங்கள் எல்லோரையும் ஒரே நிறமாகப் பார்த்தது. நாங்கள் அந்தச் சமத்துவத்தைக்கூட எங்களுக்குள் விடவில்லை.

2019இல் பிரான்ஸ் ஐரோப்பாவுக்கு வெளியேயிருந்து வரும் மாணவருக்கு இளநிலைப் பட்டப்படிப்புக் கட்டணத்தை 170 யூரோவிலிருந்து 2,770 யூரோவாக உயர்த்தியது. திட்டத்தின் பெயர் 'பிரான்சுக்கு நல்வரவு'. இந்தக் கட்டணத்தைப் பல பல்கலைக்கழகங்கள் அறவிட மறுத்தன. அகதி அந்தஸ்துக் கிடைத்தவருக்கு இந்த உயர்வு இல்லை. ஆனால் அந்தஸ்து கிடைக்கும் வரை காத்திருந்து, கடனடைத்து, மொழிப் பரீட்சையும் எழுதி முடிக்க வயது முப்பதைத் தாண்டிவிடும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பாதியில் விட்ட படிப்பை வெங்காயம் உரித்துக்கொண்டே நினைத்துப் பார்ப்பவன் நான் ஒருவன் மட்டுமல்ல.

2015 மே 24இல் தமிழ் அகதி ஒருவரின் கதையான 'தீபன்' படத்துக்குக் கான் விழாவின் தங்கப்பனை கிடைத்தது. நாம் மகிழ்ந்தோம். ஒன்பது நாள் கழித்து, யூன் 2ஆம் திகதி, லாச்சப்பல் மெற்றோப் பாலத்தின் கீழ் கூடாரமடித்திருந்த சூடானியரும் எரித்திரியருமாக முந்நூறுக்கு மேற்பட்டவர்களைப் பொலிஸ் அகற்றியது. அந்தப் பாலத்திலிருந்து எங்கள் கடைகள் சில நிமிட நடைதான். அயலிலிருந்த பிரெஞ்சுக்காரர் பலர் அவர்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தனர். எங்கள் மரக்கறிக்கடை வரிசையில் நான் கேட்ட பேச்சு: "உதுகளால ஏரியா நாறுது." முப்பது வருடத்துக்கு முன் எமது அறைகளைப் பார்த்து மேல்மாடிக்காரர் சொன்ன அதே பேச்சு.

இன்று பல தமிழ்க் குசினிகளில் பிளோஞ்சில் நிற்பவர் வங்காளதேசத்தவர் அல்லது மாலிக்காரர். அவரிடம் எவடம் என்று கேட்டு எங்களுக்கு ஆவது எதுவும் இல்லை. ஆகவே எங்கள் வரவேற்பின் உண்மையான அளவுகோல் அவர்தான். மாதமுடிவில் அவருடைய மணித்தியாலங்களை ஒழுங்காக எண்ணிக் கொடுக்கிறோமா? படிவத்தை வாசித்துச் சொல்கிறோமா? சாப்பாட்டு நேரத்தில் எங்களோடு இருத்துகிறோமா? பாண்டிச்சேரித் தமிழரிடமும் நியூபவுண்ட்லாந்து மீனவரிடமும் பட்ட கடனை அவர்களுக்கே திருப்பிக் கொடுக்க இயலாது. பின்னால் வந்து நிற்பவரிடம்தான் கொடுக்கலாம்.