நானோ தெரனாஸ்டிக்ஸ்

புற்றுநோய்க் கட்டியைப் படத்தில் காட்டவும் அதற்குச் சிகிச்சை தரவும் ஒரே நானோதுகளைப் பயன்படுத்தும் மருத்துவமுறை. ஒரே பொருளை இரண்டுக்கும் கையாளும் வழக்கம் பழையது. தைராய்டு புற்றுநோயில் கதிரியக்க அயோடின் 1940-களிலிருந்தே அப்படிப் பயன்பட்டு வருகிறது. அயோடினை ஈர்த்துக்கொள்வது தைராய்டு செல்லின் இயல்பு. மற்றக் கட்டிகளுக்கு வேறு வழி தேட வேண்டியிருந்தது.

அந்த வழியை 1986-ல் ஜப்பானில் மட்சுமுராவும் மயேதாவும் காட்டினார்கள். கட்டிக்குள் அவசரமாக முளைக்கும் இரத்தக் குழாய்களின் சுவரில் இடைவெளிகள் அதிகம்; நிணநீர் வடிகாலும் சீராக இராது. அதனால் பெரிய மூலக்கூறுகள் உள்ளே கசிந்து அங்கேயே தங்கிவிடுகின்றன.

இப்படிக் கட்டியில் தங்கும் நானோதுகள்களில் மனிதர்களிடம் சோதிக்கப்பட்டவற்றுள் அகுயிக்ஸ் விரிவாகப் பார்க்கத் தக்கது. பிரான்சின் லியோன் நகரில் ஒலிவியே தில்மோன் குழுவினர் உருவாக்கிய இது, ஏறத்தாழ 5 நானோமீட்டர் அளவுள்ள பாலிசிலாக்சேன் துகள். அதில் பிணைக்கப்பட்டுள்ள காடோலினியம் எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டியைப் பளிச்சென்று காட்டுகிறது. காடோலினியத்தின் அணு எண் 64. இவ்வளவு கனமான அணு, உடல் திசுவைவிட அதிகமாக எக்ஸ் கதிரை உறிஞ்சி எலக்ட்ரான்களைத் தெறிக்கவிடும். அவை மிகக் குறுகிய தொலைவே சென்று, பக்கத்திலிருக்கும் புற்றுசெல்லைத் தாக்கும். கொடுக்கும் கதிர்வீச்சு அதே அளவுதான்; துகள் தங்கிய இடத்தில் மட்டும் பாதிப்பு கூடும்.

கிரனோபிள் மருத்துவமனையில், மூளையில் பல இடங்களுக்குப் புற்று பரவிய 15 பேருக்கு இது சிரை வழியே செலுத்தப்பட்டது. 2 மணி நேரத்தில் எடுத்த எம்.ஆர்.ஐ.-யில் நுரையீரல், மார்பகம், பெருங்குடல், மெலனோமா ஆகியவற்றிலிருந்து பரவிய கட்டிகள் துலங்கின. பிறகு மூளை முழுவதற்கும் 30 கிரே கதிர்வீச்சு 10 தவணைகளில் தரப்பட்டது. உடல் எடையில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் வரை கொடுத்தும், அளவைக் குறைக்க நேரும்படியான நச்சுவிளைவு தென்படவில்லை. ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறு சோதனை என்பதால் பலன் எவ்வளவு என்பதை இதைக்கொண்டு முடிவுசெய்ய முடியாது. துகள் சிறியதாகையால் சிறுநீரகம் வழியே வெளியேறுகிறது. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்குக் காடோலினியம் தருவதில் மிகுந்த எச்சரிக்கை தேவை.

இத்துறையில் உள்ள எவரும் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டிய எண் ஒன்று உண்டு. பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து டொரன்டோவின் வாரன் சான் குழு 2016-ல் வெளியிட்ட கணக்குப்படி, செலுத்திய துகள்களில் கட்டியை அடைவது இடைநிலை மதிப்பில் 0.7 விழுக்காடுதான். கல்லீரலும் மண்ணீரலும் பெரும்பங்கைப் பிடித்துக்கொள்கின்றன. அந்த ஆய்வுகள் பெரும்பாலும் எலிகளில் நடந்தவை. மனிதரிலோ ஆளுக்கு ஆள், கட்டிக்குக் கட்டி இது மாறுகிறது.

படத்தின் உண்மையான பயன் இங்கேதான். இரத்தசோகைக்குத் தரப்படும் ஃபெருமோக்சிடால் என்ற இரும்பு ஆக்சைடு நானோதுகளை முதலில் செலுத்தி எம்.ஆர்.ஐ. எடுத்து, பிறகு லிப்போசோம் என்ற நுண்ணிய கொழுப்புக் கூட்டில் அடைத்த இரினோடீகன் என்ற புற்றுநோய் மருந்தைக் கொடுத்த சோதனை 2017-ல் வெளியானது. இரும்புத் துகள் அதிகம் சேர்ந்த கட்டிகளே மருந்துக்கு நன்றாகச் சுருங்கின. யாருக்கு நானோமருந்து பலிக்கும் என்பதை மருந்து ஏற்றுமுன்பே கணிக்க இது இடம் தருகிறது.