பாலாற்றங்கரையில் நுண்ணுயிரும் உப்பும்

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகையில் அமைந்த ஊர்களில் நூறாண்டுகளுக்கும் மேலாகத் தோல் பதனிடும் தொழில் நடந்துவருகிறது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய தொட்டிகளில் வாரக்கணக்கில் கிடந்து பதம் பெற்ற தோலுக்கு, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் நடத்திய சோதனைகள் குரோமிய உப்பு என்னும் புதிய வழியைக் காட்டின. 1970-களில் அரைப்பதனிட்ட தோலின் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டு, முழுதும் பதனிட்ட தோலுக்கு ஊக்கம் அளிக்கப்பட்டபோது, குரோமிய முறை பெருகியது. அதனுடன் கழிவுநீரின் தன்மையும் மாறியது.

தோல் ஆலையின் கழிவு ஒரே வகையானதன்று. அழுகாமலிருக்க உப்பிட்டு வரும் பச்சைத்தோலை ஊறவைக்கும் நீரில் கறியுப்பு கரைந்து வெளியேறும்; மயிர் நீக்கும் குழியிலிருந்து சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும், கரைந்த புரதமும் கொழுப்பும் வரும்; பதனிடும் உருளையிலிருந்து குரோமியம் வரும். ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்று 1996-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று பதிவுசெய்திருக்கிறது.

இந்த நீரைத் தூய்மையாக்க நாடப்பட்ட உயிரியல் முறை, வீட்டுச் சாக்கடைக்கென்று பிறந்தது. கில்பர்ட் பவுலரின் தூண்டுதலால் எட்வர்ட் ஆர்டனும் வில்லியம் லாக்கெட்டும் மான்செஸ்டரில் ஆய்ந்து 1914-இல் வெளியிட்ட முறை அது. பவுலர் பின்னர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றினார். கழிவுநீரில் காற்றை இடைவிடாமல் செலுத்தி, அடியில் படியும் கசட்டை வெளியே கொட்டிவிடாமல் மீண்டும் தொட்டிக்கே அனுப்பினால், அதிலுள்ள நுண்ணுயிர்கள் பெருகி, கரிமப் பொருளைச் சில மணி நேரத்தில் தின்று தீர்க்கின்றன என்பதே அவர்கள் கண்டது. அந்தக் கசடு 'செயலூட்டிய கசடு' எனப்படும். அதன் நலத்தை அறியும் சோதனை இன்றும் எளியது: தொட்டி நீரை ஒரு லிட்டர் கண்ணாடி அளவுருளையில் எடுத்து, அரைமணி நேரம் அசையாமல் வைத்து, பழுப்புநிறக் கசடு எந்தக் கோடு வரை படிகிறது என்று பார்ப்பார்கள்; படியாமல் மிதந்தால் நுண்ணுயிர்களுக்கு ஏதோ கேடு என்று பொருள்.

தோல் கழிவில் அந்தக் கேட்டுக்குக் குறைவில்லை. சல்பைடு நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜனைப் பறிக்கும். குரோமியம் அவற்றின் வளர்ச்சியைத் தடுக்கும். உப்பின் அளவு திடீரென ஏறினால் அவை சோர்ந்துவிடும். ஆகவே குரோமிய நீரைத் தனியே பிரித்து மீட்பதும், பல ஆலைகளின் நீரை ஒரே தொட்டியில் கலந்து சமன்செய்வதும் காற்றூட்டலுக்கு முன்னர் நடக்க வேண்டியவை. இதைத் தனித்துச் செய்யச் சிறு ஆலைகளுக்கு இயலாது என்பதால் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. தோல் ஆலைகளின் மாசுக்கு எதிராக 1991-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த அந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறியை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கி, ஒவ்வோர் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது.

ஆனால் நுண்ணுயிர் தின்பது, ஒருகாலத்தில் உயிரின் உடலாக இருந்த புரதத்தையும் கொழுப்பையும்தான். கறியுப்பு அதன் வாயில் அகப்படாமல் அப்படியே கடந்து கிணற்றுக்குப் போகிறது. குரோமியமோ அழியாமல் கசட்டில் தங்குகிறது. சவ்வுவழி வடிகட்டலும் ஆவியாக்கலும் பின்னர் சேர்க்கப்பட்டபோதும், உப்பு நீரிலிருந்து குவியலுக்கு இடம் மாறியதே தவிர மறையவில்லை. இந்த வரம்பை அறிந்தும் கசட்டைச் சேர்த்துவைத்ததன் விலையை உழைப்பாளிகளே கொடுத்தனர்: 2015 ஜனவரி 31 அதிகாலையில் இராணிப்பேட்டையில் கசட்டுத் தொட்டியின் சுவர் உடைந்து, அருகே உறங்கிக்கொண்டிருந்த 10 பேர் மாண்டனர். முதல் தீர்ப்பு வந்து 28 ஆண்டுகளுக்குப் பின், 2025 ஜனவரி 30 அன்று, பாலாற்றின் நிலையைக் கண்காணிக்கக் குழு அமைக்குமாறு உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது.